மகள் நடக்க வந்த காலை

மஸாஹிருக்கு ஐம்பத்தாறு வயது. முந்தல் ஸ்டேஷனுக்கு அப்பால் தினமும் காலையில் ஐந்து மைல் தண்டவாளத்தோடு நடப்பது அவருடைய தொழில். கழன்ற ஆணியை அடித்து இறுக்குவார். கல் சரிந்த இடத்தைக் கண்டால் ஸ்டேஷனுக்கு அறிவிப்பார். இருபத்தாறு வருடமாகத் தனியாகத்தான் நடக்கிறார். மனைவி ஜெய்னம்பு மௌத்தாகி ஒன்றரை வருடம். ஒரே மகள் அஸ்மியா புருஷன் பிள்ளையோடு கட்டாரில் இருக்கிறாள். உம்மாவின் ஜனாஸா அடக்கத்துக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

இம்முறை பத்து நாள் கிடைத்தது. ஒன்பது நாளும் சொந்தக்காரர் வீடுகளிலேயே போயிற்று. பத்தாம் நாள் சுபஹ் தொழுதுவிட்டு மஸாஹிர் சுத்தியலையும், கொடிகளும் எச்சரிக்கை வெடிகளும் இருந்த பையையும் எடுத்தபோது, அவள் காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"நாங்களும் வாறம் வாப்பா."

"கல்லில நடக்க ஏலாது மகள்."

"ஏலும். பகல்ல ஏர்போட்டுக்குப் போகணும். இண்டைக்கு உட்டா எப்ப?"

மருமகன் ஜௌபரும் ஏழு வயதுப் பேத்தி ஷிம்லாவும் சேர்ந்துகொண்டார்கள். தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளின் இடைவெளி மஸாஹிரின் கால்களுக்குப் பழகிப்போனது. மெதுவாக நடக்க எவ்வளவு முயன்றும் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் பின்தங்கியிருந்தார்கள். யாரோடும் சேர்ந்து நடக்கத் தனக்குத் தெரியவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

சிற்றாறான ஓயா வந்தது. அங்கே அது இரண்டு ஆள் ஆழத்துக்குச் செம்மண்ணை வெட்டிக்கொண்டு ஓடும். அதன் விளிம்போடுதான் தண்டவாளப் பாதை. முந்திய நாள் மழையில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. அஸ்மியா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"உம்மா கடைசியா என்னயத் தேடினாவா வாப்பா?"

"ஓம். வந்திட்டாளா எண்டு கேட்டா." அவர் தண்ணீரைப் பார்த்தார். "வந்திட்டா, குசினியில தேத்தண்ணி ஊத்திட்டு நிக்கிறா எண்டு பொய் சொன்னேன். அதோட கண்ண மூடிட்டா."

அஸ்மியா தண்டவாளத்திலேயே குந்தி அழுதாள். அவள் தலையில் கைவைக்கக் குனிந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது அடி முன்னால் கரை சரிந்து, நான்கைந்து கட்டைகள் அந்தரத்தில் தொங்கின. புத்தளத்திலிருந்து ரயில் வர இருபது நிமிடம்கூட இல்லை; அது முந்திய ஸ்டேஷனை விட்டிருக்கும்.

"ஜௌபர்! ரெண்டு பேரையும் தென்னந்தோட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போங்க!"

தென்னைகளுக்கிடையே சுற்றி, சரிவுக்கு அப்பால் மறுபடி தண்டவாளத்தில் ஏறி ஓடினார். அரை மைல் ஓடி, தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடிகளைக் கட்டினார். சிவப்புக் கொடியோடு இன்னும் ஓடினார். ரயில் வெடிகளை மிதித்து, அந்தச் சத்தத்தில் அலறி நின்றது. ட்ரைவர் இறங்கிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு ரயில் பின்னோக்கிப் போயிற்று.

திருத்த ஆட்கள் வரும்வரை கொடியோடு அங்கேயே நிற்க வேண்டும் என்று ஸ்டேஷனிலிருந்து ஃபோனில் சொன்னார்கள். வெயில் ஏறியது. பதினொரு மணிக்கு ஃபோன் அடித்தது.

"வாப்பா, வீட்டுக்கு த்ரீவீல் வந்திரிச்சி. புள்ளைக்கும் திரும்ப நடக்க ஏலாது. ஒங்களப் பாக்காம எப்பிடிப் போற?"

"போங்க மகள். ப்ளேன் நிக்காது."

"உம்மா கேட்டப்பவே நான் வந்திரிக்கணும் வாப்பா."

அதோடு அழைப்பு அறுந்துவிட்டது.

ஆட்கள் வந்தது மூன்று மணிக்கு. மண் மூட்டை அடுக்கிக் கல் நிரப்பினார்கள். ஒருவர் சாப்பிடப் பாதிப் பாண் கொடுத்தார். அஸர் தொழுகை நேரம் கழிந்து ஒரு ரயில் ஊர்ந்து கடந்தது. ஜன்னல்களில் இருந்தவர்கள் பச்சைக் கொடி பிடித்து நின்ற மனிதரை ஒரு கணம் பார்த்தார்கள்.

மிச்சம் இரண்டு மைல் இருந்தது. மஸாஹிர் சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு தன் வேகத்தில் நடந்தார்.