ஓய்வறையில் பதினொரு நாள்

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தின் வட்டவளையிலிருந்து தினமும் ரயிலேறிப் போய் அட்டனில் படித்தேன். எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து பெரிய வகுப்புவரை போன முதல் பெண் நான்தான். அம்மா இறந்தபின் எங்கள் இருவரையும் படிக்கவைக்க அப்பாவால் ஏலவில்லை. என்னைவிட இரண்டு வயது இளைய தங்கை படிப்பை நிறுத்திவிட்டு, தினமும் விடிகாலையில் பெரட்டில் பேர் கொடுத்துத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனாள்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு என்னவோ ஆயிற்று. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒன்றும் உள்ளே போகாது. தலை வாருவதுகூடப் பெரிய வேலையாக இருந்தது. ஒரு காலை அட்டனில் இறங்கியதும், பள்ளிக்கூடத்து மேட்டில் ஏற மனம் வராமல், ஸ்டேஷனில் பெண்கள் ஓய்வறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் என்று நினைத்தது பதினொரு நாளாயிற்று. தங்கை கட்டிக்கொடுத்த ரொட்டியை அங்கேயே தின்றுவிட்டு மாலை ரயிலில் திரும்புவேன். அப்பா கேட்டால், படிக்காத பாடத்தைப் படித்ததாகச் சொல்வேன்.

பதினொன்றாம் நாள் அந்த அறைக்குள் தங்கை வந்தாள். முள் குத்திய விரல் சீழ்பிடித்து, டாக்டரிடம் காட்டிக் கட்டுப்போட்டுக்கொண்டு ரயிலுக்காக வந்திருந்தாள். தலைவலி, இப்போதுதான் வந்தேன் என்றேன். அறையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த பெண், "இந்தப் புள்ள தெனமும் இங்கதான் இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

தங்கை திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த கட்டைப் பார்க்கமாட்டாமல், காலையில் எழும்பவே முடியவில்லை, எதற்கென்று தெரியாமல் அழுகை வருகிறது என்று சொன்னேன்.

"எனக்கும் சில நாளு அப்படித்தான் இருக்குக்கா," என்றாள். "பெரட்டுக்குப் போகாம இருக்க முடியுமா?"

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கூசவைத்தது. உனக்கு எப்போதிலிருந்து அப்படி என்று அப்போதாவது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் அழுகையிலேயே இருந்தேன்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு என்னுடன் ரயிலேறி வந்தாள். வகுப்பு டீச்சரிடம் அவளே பேசினாள். "அக்காவுக்கு மனசு சரியில்லைங்க டீச்சர். ஏசாதீங்க."

நான் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதாவிட்டாலும் பரவாயில்லை, வந்து உட்கார் என்றார் டீச்சர். உட்கார்ந்தேன். பல வாரங்களுக்கு அவ்வளவுதான் முடிந்தது. அந்த வருடம் சோதனையில் தவறி, அடுத்த வருடம் தேறினேன். பிறகு தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது.

அந்தப் பதினொரு நாளைப் பற்றி எதுவும் தெரியாத அப்பா, அக்கா மாதிரி ஒழுங்காக இருக்க வேண்டும் என்று தங்கையிடமே சொல்வார். அவள் தலையாட்டுவாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.