புதன்கிழமைக் காய்ச்சல்

ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்தில் எனக்கு வாராவாரம் காய்ச்சல் வரும். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மாங்காய்க்குக் கல்லெறிந்துகொண்டிருப்பேன். புதன்கிழமை பள்ளிக்கூடம் போகமாட்டேன். வியாழக்கிழமை காலையில் அம்மாவின் கடிதத்தோடு போய் நிற்பேன். 'எனது மகளுக்குச் சுகவீனம் காரணமாக நேற்றைய தினம் பாடசாலைக்குச் சமூகமளிக்க முடியவில்லை என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன்' என்று கொப்பியில் கிழித்த தாளில் அம்மா எழுதியிருப்பார். நாலைந்து தரம் காய்ச்சல் என்று எழுதியபின் அவருக்கே கூச்சமாகி, வயிற்றோட்டம், பல்வலி, காதுவலி என்று மாற்றிப் பார்த்தார். எந்த வருத்தமானாலும் அது கிழமை பார்த்துத்தான் வந்தது. வகுப்பில் பிள்ளைகள் எனக்குப் 'புதன்கிழமைக் காய்ச்சல்' என்றே பட்டம் வைத்துவிட்டார்கள்.

புதன்கிழமைகளில் அம்மா கிளிநொச்சிக்குப் போவார். அரசாங்கக் கந்தோர்களில் சனங்களைச் சந்திக்கும் நாள் அது. அண்ணாவின் படம், பிறப்புச் சான்றிதழ், கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவார். ஒரு கந்தோரில் இன்னொரு கந்தோரைக் காட்டுவார்கள். பின்னேரம் வெயிலில் காய்ந்துபோய்த் திரும்பி வருவார். மற்ற நாட்களில் வீட்டிலிருந்து சட்டை தைப்பார்.

சண்டையின் கடைசியில் நாங்கள் சனத்தோடு சனமாகக் கடந்து வந்தபோது எனக்கு ஆறு வயது, அண்ணாவுக்குப் பதினேழு. அப்பா அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே செல் குண்டு விழுந்து செத்துப்போயிருந்தார். ராணுவத்தின் பக்கம் வந்ததும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று சொல்லி இளம் பெடியன்களை வேறாகக் கூப்பிட்டார்கள். அண்ணா தயங்கினாராம். "ஒளிச்சால்தான் பிரச்சினை, போ அப்பன்" என்று சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிட்டது அம்மாதான். யன்னலுக்குக் கீழே நின்று, நாங்கள் எங்கட வீட்டுக்குத்தான் போவம், அங்க வா என்றும் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டவை. அந்த நாளில் எனக்கு நினைவிருப்பது தண்ணீர்த் தாகம் மட்டும்.

எங்களை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து விட்டதும் அம்மா நேரே எங்கள் ஊரான தர்மபுரத்துக்கு வந்தார். வீட்டில் இரண்டு சுவர்தான் மிச்சமிருந்தது. அந்த அத்திவாரத்திலேயே தகரம் போட்டுக்கொண்டார். வவுனியாவில் வந்து இருக்கச் சொல்லிப் பெரியம்மா எத்தனையோ தரம் கூப்பிட்டும் போகவில்லை. அண்ணா வந்து பூட்டிக் கிடக்கிற வீட்டைக் கண்டால், ஒருவரும் தப்பவில்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார் என்பது அம்மாவின் பயம். வீட்டில் எந்நேரமும் ஒருவர் இருக்கவேண்டும். இருந்ததே நாங்கள் இரண்டு பேர். அதனால் புதன்கிழமைகளில் அந்த வேலை எனக்கு விழுந்தது. வாசலில் உட்கார்ந்து வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், வேறு கஷ்டமில்லை. கணக்குப் பாடமும் இல்லை. நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

எங்கள் வகுப்பு டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அதிகம் சிரிக்கமாட்டார். அந்த வருடம் நாங்கள் புலமைப்பரிசில் சோதனை எடுக்கவேண்டியிருந்ததால், ஒரு நாள் வராவிட்டாலும் விடாமல் கேட்பார். 'அம்மா ஒரு தடவை வந்து என்னைச் சந்திக்கவும்' என்று என் கொப்பியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். அதற்குக் கீழே அம்மா, 'தையல் வேலை அதிகமாகையால் வர முடியாதுள்ளது, மன்னிக்கவும்' என்று நீல மையில் எழுதினார். இப்படிச் சிவப்பும் நீலமுமாக ஒரு மாதம் என் கொப்பியில் கடிதப் போக்குவரத்து நடந்தது. தபால்காரியான நான் வழியில் நின்று இரண்டையும் வாசித்துவிட்டுத்தான் கொடுப்பேன். பிள்ளையை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் அனுப்பாத வீட்டுக்கு உத்தியோகத்தர்கள் வந்து, பிள்ளையைக் கொண்டுபோய் விடுதியில் சேர்த்துவிடுவார்கள் என்று யாரோ அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். டீச்சரின் ஒவ்வொரு சிவப்பு வரியும் அதற்கான முதற்படி என்றே அவர் நம்பினார்.

ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட கையோடு டீச்சர் சைக்கிளில் வந்து எங்கள் வேலிப் படலையில் இறங்கினார். காய்ச்சல்காரியான நான் வாசலில் இருந்து கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

"அம்மா எங்க?"

"கடைக்குப் போட்டா."

டீச்சர் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கதிரையை எடுத்து நிழலில் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு வகுப்பில் செய்த கணக்குகளைச் சொல்லித்தரத் தொடங்கினார். ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. கடைக்குப் போன அம்மா வரவில்லை. டீச்சர் முதலிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தார்.

அம்மா வந்து படலையில் அந்தச் சைக்கிளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கிட்ட வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அறிவிச்சுப் போடாதேங்கோ டீச்சர். இவளையும் கொண்டு போயிடுவாங்கள். ஒண்டை என்ர கையால ஏத்தி விட்டிட்டன்."

அதற்குப் பிறகுதான் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினார். டீச்சர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எனக்கு நீங்கள் முதலே சொல்லியிருக்கலாம் அக்கா."

"எப்பிடி எழுதிறது டீச்சர்? லீவுக் கடிதத்தில என்னெண்டு எழுதிறது?"

டீச்சர் சைக்கிளை எடுக்கும்போது, "மகன் வந்தால் தங்கச்சியைக் கூப்பிட ஒரு வழி இருக்கவேணும், அவ்வளவுதானே? நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ" என்றார்.

மறுநாள் அம்மா, பக்கத்து வீட்டுக்காரியை ஒரு மணித்தியாலம் மட்டும் எங்கள் வாசலில் இருத்திவிட்டு, மடிப்புக் குலையாமல் அழுத்திய சேலையுடுத்தி வந்தார். எங்கள் பள்ளிக்கூட அதிபர் எழுத்துப் பிழை விட்டாலே காதைத் திருகுகிறவர். அவர் அம்மாவைக் கதிரையில் இருத்தி, அண்ணாவின் பெயர், உயரம், முகத்தில் ஏதாவது அடையாளம் எல்லாவற்றையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினார். படலையில் நிற்கிற காவலாளியைக் கூப்பிட்டு, அண்ணாவின் படத்தின் ஒரு பிரதியைக் கொடுத்தார். "இந்தப் பெடியன் எந்த நேரம் வந்தாலும், சோதனை நடந்தாலும், உடன என்னட்டக் கூட்டிக்கொண்டு வா" என்றார். காவலாளி அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு அதிபர் ஒரு தகரத் துண்டை எடுத்து வைத்து, எங்கள் கதவில் மாட்டுவதற்காகத் தானே பெயின்ற்றால் எழுத உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில் நின்று சொன்னார்: "நாங்கள் உயிரோட இருக்கிறம். தங்கச்சி பள்ளிக்கூடத்தில. நேர அங்க போ அப்பன்."

அதிபர் தூரிகையை நிறுத்தி, "'இருக்கின்றோம்' எண்டுதான் எழுதவேணும்" என்றார்.

"அப்பிடி எழுதினால் நான் சொன்னதெண்டு நம்பமாட்டான் சேர்."

அதிபர் 'இருக்கிறம்' என்றே எழுதினார். நாங்கள் எழுதினால் காது போயிருக்கும். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

அதற்குப் பிறகு என் காய்ச்சல் வரவில்லை. டீச்சர் என்னை யன்னலோரம், பள்ளிக்கூடப் படலை தெரிகிற இடத்தில் இருத்தினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயமிருந்தது. அண்ணாவின் முகம் எனக்கு அந்தப் படத்தில் இருந்த அளவுக்குத்தான் தெரியும். காவலாளி வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து, "இதுதானே உன்ர அண்ணா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டால் என்ன சொல்வது? ஒரு நாள் ஒல்லியான ஓர் இளைஞன் படலையில் வந்து நின்றான். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த டீச்சரின் கை அப்படியே நின்றது. அவன் தண்ணீர்ப் பம்பு திருத்த வந்தவன். டீச்சர் மிச்ச வரியை எழுதி முடிக்கச் சற்று நேரம் எடுத்தது.

அடுத்த வருடம் முழுவதும் நான் ஒரு நாளும் விடாமல் போனேன். மழைக்கு ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம் நின்ற நாட்களிலும் போனேன். பரிசளிப்பு விழாவில், வரவுக்கான பரிசு எனக்கென்று அறிவித்தார்கள். அம்மா பெற்றோர்களோடு முன்வரிசையில் இருந்தார். நான் மேடைக்கு ஏறியதும் அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பிள்ளை வருடம் முழுவதும் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. ஒரு நாள்கூட, யாரும் வந்து கூப்பிட்டு, இடையில் எழுந்து வீட்டுக்குப் போனதுமில்லை" என்றார்.

அத்தோடு நின்றுவிட்டார். எழுதி வைத்திருந்த தாளில் இன்னும் வரிகள் இருந்தன. அவர் அவற்றை வாசிக்கவில்லை. அவருக்கு மறந்துபோய்விட்டது என்று நான் நினைத்தேன். சபையிலிருந்து கைதட்டல் எழுந்தது. ஆசிரியர்களின் வரிசையில் டீச்சர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து அழுதார். பக்கத்திலிருந்த ஒரு பெண், "சந்தோசத்தில அழுறா" என்று மற்றவருக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பரிசாகக் கிடைத்தது ஒரு புதிய புத்தகப்பை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவோடு வீட்டுக்கு நடந்தேன். அவரை இன்னும் சந்தோஷப்படுத்தவேண்டும் போலிருந்தது.

"வாற வருசமும் நான்தான் அம்மா இதை எடுப்பன்" என்றேன். "அதுக்கடுத்த வருசமும் எடுப்பன்."

அம்மா "ஓம்" என்றார். நான் துள்ளிக்கொண்டு முன்னால் ஓடினேன்.