அமாவாசையன்று அனுப்பிய ரத்தம்

நாள் பார்க்காமல் நான் எதையும் தொட மாட்டேன். செஞ்சி பஜாரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். புது லோடு எடுப்பதென்றால் அமாவாசைதான். மகளின் ரத்தப் பரிசோதனையையும் அப்படித்தான் அமாவாசைக்குத் தள்ளினேன்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. லூபஸ் என்கிற நோய். ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று சில புரதங்கள் உண்டு. கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு அடையாளம் காட்டும். வெள்ளை அணுக்கள் வந்து விழுங்கும். கடையில் மை வைத்த மூட்டையை மட்டும் ஆட்கள் தூக்குவதைப் போல என்று புரிந்துகொண்டேன். லூபஸ் வந்தால் அந்த மை சொந்தச் சிறுநீரகத்தின் மேலேயே விழும். செலவாகச் செலவாக ரத்தத்தில் அளவு குறையும். அளவு சரியாக இருந்தால் மாத்திரையைக் குறைத்து, அவளைக் கல்லூரி விடுதிக்கு அனுப்பலாம் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லியிருந்தார். குறைந்திருந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். காலையிலேயே நானே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு போனேன். பஸ்ஸையெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷலாக விட்டிருந்தார்கள். அமாவாசை என்றால் அப்படித்தான் என்று ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். என் மரமண்டையில் உறைக்கவில்லை. பகல் ஒரு மணிக்கு பஸ் வந்தபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது. மறுபடி அவளை ஊசி குத்திக்கொள்ளச் சொல்ல மனம் வரவில்லை. ஏற்றிவிட்டேன்.

ரிப்போர்ட்டில் அளவு மிகவும் குறைவு. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளோடு பாண்டிச்சேரிக்குப் போய் டாக்டரிடம் ஐஸ் உருகியதை ஒப்புக்கொண்டேன்.

"சூடு பட்டா அந்தப் புரதம் வேலை செய்யாம போயிடுங்க. இத நம்ப முடியாது. இங்கயே திரும்ப எடுத்துடலாம்" என்றார்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அங்கேயே ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அமாவாசைல பஸ்ஸு எங்க கெடைக்கும்? இதுகூடத் தெரியாம இன்னா யாவாரம் பண்றீங்க?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். அவள் திட்டத் திட்ட எனக்குத் தெம்பு வந்தது.

நான்காம் நாள் மகளின் போனுக்குப் புது ரிப்போர்ட் வந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்தாள். இதிலும் அளவு அதே குறைவுதான்.

"உன் மேல தப்பு இல்ல நைனா. ஐஸு உருகலன்னாலும் இதான் வந்திருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

என் தப்பாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அவள் எதிரிலேயே அழுதுவிட்டேன்.