கமோர்ட்டாவில் நமக்கு யார் இருக்கிறார்கள்?

பதவி உயர்வை இரண்டு முறை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவள் நான். முதல் முறை மகளுக்குப் பத்தாம் வகுப்பு. இரண்டாம் முறை கணவருக்கு முதுகுவலி. மூன்றாம் முறை ஆணை வந்தபோது மேலதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இதையும் மறுத்தால் இனி யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை என்றார். வாங்கிப் பார்த்தேன். கமோர்ட்டா என்று இருந்தது. நிக்கோபார் தீவுகளில் ஒன்று. இரண்டு வருடம். குடும்பத்தோடு தங்க இடமில்லை. ஓர் ஆளுக்கு ஓர் அறை, சமையல்கட்டு, குளியலறை. எந்த இலாகா என்று கேட்காதீர்கள். சொன்னால் அதற்கும் விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்கும்.

ஓர் ஆளுக்கு ஓர் அறை. வி.டி.யிலிருந்து செம்பூர் வரும்வரை, ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டே அந்த ஒரு வரியை நாலு தடவை படித்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணும் கூடவே படித்தாள். எனக்கு மும்பையில் தனியாக ஒரு காகிதம் படிக்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

நான் தாராவியில் பிறந்தவள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒன்பது பேர் இருந்தோம். புரண்டு படுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் புரள வேண்டும். கல்யாணமாகி செம்பூர் வந்தால் ஒரு ஹால், ஒரு கிச்சன். கணவர், நான், மகள், கொழுந்தன். இது போதாதென்று திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலை தேடி வந்த யாராவது ஒருவர் எப்போதும் ஹாலில் படுத்திருப்பார். குளியலறையில் இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்றால் போதும், கதவைத் தட்டி "உள்ள என்ன செய்யுத?" என்று கேட்பார்கள். உள்ளே என்ன செய்வார்கள்? பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரி வார்டில்கூட முப்பது பேர். நாற்பத்தொன்பது வயதாகிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட நான் மட்டும் இருக்கிற அறையில் இருந்ததில்லை.

பிரமோஷனைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். எனக்கு அந்த அறை வேண்டும். ஆனால் இதை வீட்டில் சொல்ல முடியுமா? "அப்ப எங்கள விட்டுட்டு நிம்மதியா இருக்கணுமோ?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. ஆகவே பிரமோஷன் என்றே சொன்னேன்.

கணவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவர் அப்படி நேராகச் சொல்லும் ஆள் இல்லை. தாராவியில் தோல் பெல்ட், பர்ஸ் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். எதையும் பதமாக ஊறவைத்துத்தான் வெட்டுவார். மறுநாள் முதல் சாப்பிடும்போதெல்லாம் கையில் போனும் போனில் ஒரு மிருகமுமாக உட்கார்ந்தார்.

"ஏட்டி, இதப் பாரு. உப்புத்தண்ணி முதலை. கடல்லயே நீந்தி தீவுக்குத் தீவு போவுமாம்."

"நான் நீந்திப் போகலங்க. கப்பல்ல போறேன்."

"வாயப் பாரு அதுக்கு" என்று படத்தைப் பெரிதாக்கினார். வாயிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து வயிறு என்று அவர் விரல் நகர்ந்தது. முகம் மெல்ல மாறியது. "அடேயப்பா, வயித்துத் தோலப் பாரேன், என்ன ஃபினிஷ்!" என்றார். அன்றைக்கு அவர் என்னைப் பயமுறுத்தும் வேலை அதோடு முடிந்தது. மீன்குழம்பு ஆறும்வரை அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மலைப்பாம்பு. அதற்கடுத்த நாள் மரமேறும் பெரிய நண்டு. தேங்காயைத் தானே உரித்து, தானே உடைத்துத் தின்னுமாம். "பப்பா, நம்ம வீட்ல தேங்கா உரிக்க ஆள் இல்ல, அத இங்க கூட்டிட்டு வாங்க" என்றாள் மகள். கல்லூரியில் படிக்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் நக்கலுக்கு எந்த மொழியிலும் குறைவில்லை.

நாலாம் நாள் ஒரு காட்டுக்கோழி வந்தது. பார்க்க நம் நாட்டுக்கோழிக்குக் கால் பெருத்தது மாதிரி இருந்தது. தாய் அடைகாக்காது. இலையும் மண்ணும் சேர்த்து ஆள் உயரத்துக்கு மேடு கட்டி, முட்டையை உள்ளே புதைத்துவிட்டுப் போய்விடும். குஞ்சு தானாகப் பொரித்து, தானாக மண்ணைக் கிளறி வெளியே வந்து, யாரையும் திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் நடந்து போய்விடும். "பொறுப்பத்த கழுத. பெத்த பிள்ளய இப்படியா விட்டுட்டுப் போவும்?" என்று தாய்க்கோழியைத் திட்டினார் கணவர். திட்டும்போது கண் என் மேல் இருந்தது. எனக்கு அந்தக் குஞ்சின் மேல் ஒரே பொறாமை. பிறந்த அன்றே சித்தி இல்லை, பெரியப்பா இல்லை, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பாரில்லை. எப்பேர்ப்பட்ட ஜென்மம்!

கொழுந்தன் மட்டும் என் கட்சி. ஆட்டோ ஓட்டுகிறான், பின்பக்கம் முழுக்கச் சோழர் புலிக்கொடி ஒட்டியிருப்பான். அவன் சரித்திரத்தோடு வந்தான்.

"மதினி, மானக்கவாரம்னு தஞ்சாவூர்க் கல்வெட்டுலயே போட்டிருக்கு. நிக்கோபார் தான் அது. நம்ம ராஜா ஜெயிச்ச இடம். நீங்க பிந்தாஸா, பயமில்லாம போங்க."

நானும் விடவில்லை, ஆபீஸில் டீ நேரத்தில் தேடித் தேடிப் படித்தேன். சோழன் வந்தான், போனான். பிற்பாடு டேனிஷ்காரர்கள் நம் தரங்கம்பாடியிலிருந்து போனார்கள். ஆஸ்திரியாக்காரர்கள் வந்து கொடி நட்டார்கள். வெள்ளைக்காரன் கமோர்ட்டாவிலேயே கைதிகளை வைத்துக் கொஞ்ச காலம் பார்த்துவிட்டுக் கடையைக் கட்டினான். யுத்த காலத்தில் ஜப்பான்காரன். வந்தவனெல்லாம் இது என்னுடையது என்று சொல்லிவிட்டுக் காய்ச்சலில் படுத்திருக்கிறான். அந்த ஊர் ஜனங்கள் தேங்காயைக் கொடுத்துத் துணியும் இரும்பும் வாங்கிக்கொண்டு தங்கள் பாட்டுக்கு இருந்திருக்கிறார்கள். இதைக் கொழுந்தனிடம் சொன்னேன்.

"அதெல்லாம் பெறவு. மொதல்ல போனது நாமதான்."

"அப்ப அங்கயே இருந்தவங்க?"

கொஞ்சம் யோசித்தான். "அவங்க... இருந்தாங்க" என்றான்.

பிறகு அண்ணனிடம் போய், சோழன் போன இடத்துக்கு மதினி போவது நம் குடும்பத்துக்கே பெருமை என்று வாதாடினான். என் கணவர் பல்குச்சியை எடுத்துவிட்டு, "சோழன் படையோட போனாம்ல. இவ தனியால்லா போறா?" என்றார். கொழுந்தன் ஆட்டோச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

என்னைக் கவிழ்த்தவள் மகள். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தாள். அம்மா அங்கே போய் என்ன பாஷை பேசுவாள் என்று அவளுக்குக் கவலை. இரண்டு நாள் உட்கார்ந்து துருவினாள். அங்கே ஒரு தீவின் பேச்சு அடுத்த தீவுக்குப் புரியாதாம். காட்டுக்குள் இருக்கும் ஒரு கூட்டத்தின் பேச்சு வெளியே யாருக்குமே சரியாகத் தெரியாதாம். ஒருவருக்கொருவர் பேச வேண்டுமென்றால் ஹிந்தியில் பேசிக்கொள்கிறார்களாம். எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. தாராவியில் நாங்கள் இருந்த சந்திலிருந்து குயவர்கள் இருக்கும் பக்கம் போனால் குஜராத்தி, இந்தப் பக்கம் திரும்பினால் மராத்தி, குழாயடிச் சண்டை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஹிந்தி.

"மம்மி, தும்ஹாரா ஹிந்தி உதர் சலேகா. டென்ஷன் நக்கோ" என்றாள். என் ஹிந்தியே அங்கே செல்லுபடியாகுமாம், கவலை வேண்டாமாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அவுர் சுனோ பப்பா, இன்னொண்ணு கேளுங்க, பக்கத்துத் தீவுல தமிழாளுங்க இருக்காங்க. கச்சால்னு பேரு. சிலோன்ல இருந்து வந்தவங்கள ரப்பர் தோட்டத்துல குடி வச்சாங்களாம்."

கணவர் தலை நிமிர்ந்தது.

"தமிழாளு இருக்கான்னா அங்க மளிகைக் கடை இருக்கும். மளிகைக் கடை இருந்தா நம்ம ஆளு இருப்பான்" என்றார். "நமக்கு யாரு இருக்கான்னு பார்த்துட்டுத்தான் உன்ன அனுப்பணும். இல்லன்னா அந்தப் பேச்சையே விடு."

யாருமே இல்லை என்பதுதான் அந்தத் தீவின் அழகே! அதை அவரிடம் எப்படிச் சொல்வது? யாரும் கிடைக்காவிட்டால் போக முடியாது. கிடைத்துவிட்டால் போயும் பிரயோசனமில்லை. எந்தச் சாமியிடம் எதை வேண்டுவது என்றுகூடத் தெரியாமல் இரண்டு நாள் தவித்தேன்.

கணவர் தாராவித் தொண்ணூறடி ரோட்டு மளிகைக்காரரிடம் விசாரிக்க ஆரம்பித்தார். அவர் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு அப்பளக் கடையைக் காட்டினார். அங்கிருந்து தூத்துக்குடி, தூத்துக்குடியிலிருந்து போர்ட் பிளேரில் ஒரு அரிசி வியாபாரி. கடலில் விழுந்த விமானத்தை வருடக்கணக்கில் தேடுகிறார்கள். என் கணவர் இரண்டே நாளில் கமோர்ட்டாவில் ஒரு மளிகைக்காரரைப் பிடித்துவிட்டார். அவருடைய அம்மா எங்கள் பூர்வீக ஊருக்கு அடுத்த ஊர். கணக்குப் போட்டுப் பார்த்ததில் எனக்கு அண்ணன் முறை.

"கெடச்சுட்டாரு!" என்று பட்டறையிலிருந்து லட்டோடு வந்தார். இனி தினமும் அண்ணன் வீட்டுச் சாப்பாடு, ராத்திரித் துணைக்கு அண்ணன் பெண்டாட்டி, ஞாயிற்றுக்கிழமை அங்கேயே இருந்துவிட வேண்டியது என்று எல்லாம் அவரே முடிவு செய்துவிட்டார். கமோர்ட்டாவை அப்படியே செம்பூர் ஆக்கிவிட்டார் மனுஷர். லட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். தூக்கி எறிந்திருப்பேன், ஆனால் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"இந்தா, அண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேசு" என்று போனைக் கையில் திணித்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு அரையடி தள்ளி நின்றார்.

"வணக்கம் அண்ணே."

"தங்கச்சி, மாப்பிள்ள பக்கத்துல நிக்காவளா?" குரல் ரொம்பத் தாழ்ந்து வந்தது. "நின்னா ஆமாண்ணேன்னு மட்டும் சொல்லு."

"ஆமாண்ணே."

"சரி, கேளு. நான் இங்க வந்து இருவத்திரெண்டு வருசமாச்சு. ஊர்ல எங்க வீட்ல பதினாலு பேரு. கொஞ்ச நேரம் மனுசன் சும்மா இருக்கணும்னு மேப்பப் பாத்து, ஆகக் கடைசில உள்ள ஊருக்கு வந்தேன். எனக்குச் சொந்தம்னு ஒருத்தன் இது வர வந்ததில்ல. எப்படித்தான் கண்டுபிடிச்சியளோ, சண்டாளப் பாவிகளா! ஒண்ணு மட்டும் சொல்லு. நீ பிரமோஷனுக்கு வாறியா, இல்ல என்னய மாதிரி வாறியா?"

சிரிப்பு குபீரென்று வந்தது. கன்னத்தைக் கடித்து அடக்கினேன். "ரெண்டாவதுதான்ணே."

"என்ன ரெண்டாவது?" என்றார் கணவர்.

"ரெண்டாவது கப்பல்ல வரச் சொல்லுதாவ. மொத கப்பல்ல கூட்டமாம்."

போனில் அண்ணன் பெருமூச்சு விட்டார். "அப்படின்னா நாம ஒரு ஏற்பாடு செஞ்சுக்கிடுவோம். வாரத்துக்கொருக்க நான் உங்க வீட்டுக்குப் போன் பண்ணி, தங்கச்சி நல்லா இருக்கா, நல்லா சாப்பிடுதா, நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிருதேன். உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன். உனக்கு அரிசி பருப்பு வேணும்னா மட்டும் கடைக்கு வா. சம்மதமா?"

"ரொம்பச் சந்தோசம்ணே. நீங்க இருக்கியன்னு இப்பதான் எனக்குத் தைரியமே வந்துச்சு" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கணவருக்குக் கண் கலங்கிவிட்டது.

போனேன். துறைமுகத்தில் தூரத்தில் நின்ற ஒருவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அண்ணனாகத்தான் இருக்கும். குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். நடு அறையில் பாயை விரித்துக் கையும் காலும் நாலு பக்கமும் போகும்படி படுத்தேன். எதன்மேலும் படவில்லை. குளியலறையில் முக்கால் மணி நேரம் இருந்தேன், ஒருத்தரும் தட்டவில்லை. பத்து நாள், மகாராணி கெட்டாள். யாரையும் தேடவில்லை. தேடினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் தேடவில்லை.

பதினோராம் நாள் சாயங்காலம் கணவர் கூப்பிட்டார். அங்கே சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். அண்ணன் பேசினாராம், நான் நன்றாகச் சாப்பிடுகிறேனாம், அவருக்கு நிம்மதியாம். பின்னால் கொழுந்தன் சத்தம், மகள் சிரிப்பு, ஊரிலிருந்து வந்த யாரோ இருமும் சத்தம் எல்லாம் கேட்டது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இருக்கோம்" என்றார். "இத்தன பேரு இருக்கோம். ஆனா நீ போனதுல இருந்து வீடு ரொம்பப் பெருசா இருக்குட்டி."

அதற்குள் சிக்னல் போய்விட்டது. போனை வைத்துவிட்டு அழுதேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஏன் அழுகிறாய் என்று ஒருத்தரும் கேட்காமல், முழுசாக அழுது முடித்தேன்.