வளர்கிற பிள்ளையின் சட்டை

ஜனக்புரியில் பரமசிவத்துக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், மணமக்கள் பெயரைப் படிக்கும் முன் அட்டையைத் தடவிப் பார்ப்பார். டெல்லிப் பத்திரிகை என்றால் சும்மாவா? பலகைபோல் கனம், பட்டு நாடா, பொன்னிறப் பிள்ளையார். பிள்ளையாரைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. அக்கம்பக்கத்தார் கல்யாணம் முடிந்ததும் இவரிடம் கொண்டுவந்து தள்ளிவிடுவார்கள். பிள்ளையார் மேல் கத்தரி படாமல் வெட்டி, குடும்பத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் ஒரு வாழ்த்து அட்டை செய்துவிடுவார். கூடவே தன் கையால் தைத்த ஒரு துணி.

வாரநாளில் வங்கி உத்தியோகம், சனி ஞாயிறில் தையல் மெஷின். "எனக்குப் பட்டன் தைக்கக்கூட வராது, எங்க வீட்டு டெய்லர் இவர்தான்" என்று மனைவி உமாமகேஸ்வரி பெருமையாகவே சொல்லிக்கொள்வாள். ஆனால் அவர் தைக்கிற எதுவும் அந்த வருஷத்துக்குச் சேராது. "வளர்ற பிள்ளை" என்று சொல்லி இரண்டு விரல் கூட விட்டே வெட்டுவார். பதினைந்து வயது இளைய தங்கை அபூர்வா, அண்ணன் தைத்த பாவாடையை ஊக்கு குத்தித்தான் பள்ளிக்கூட நாட்களை ஓட்டினாள்.

அந்த அபூர்வா, கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தாயாகப் போகிறாள் என்றதும் தாய்மாமனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உமாதான் மெஷினுக்கு உறை போட்டு மூடினாள். "பொறக்கறதுக்கு முன்னால புதுத்துணி தைக்கக் கூடாதுங்க. பிள்ளை வரட்டும், பொறுங்க."

பொறுக்கவில்லை பிள்ளை. ஏழாம் மாதமே வந்துவிட்டது. பெண், ஒரு கிலோ நூற்றைம்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெற்றவர்களைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை. பத்து நாள் கழித்து, முன்பக்கம் திறந்து நாடா கட்டுகிற மெல்லிய சட்டை கொண்டுவரலாம் என்றார் நர்ஸ்.

பரமசிவம் தன் பழைய வேட்டியை எடுத்தார். பல வருஷம் துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தது. பிசிறு உடம்பில் உரசாதபடி தையலை வெளிப்பக்கம் வைத்துத் தைத்து, கொதிநீரில் அலசி, இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்பினார். மறுநாளே அபூர்வாவின் கணவன் அர்விந்த் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"மச்சான், இதுக்குள்ள அவ காணாமப் போயிடறா. சட்டைக் கை வந்து ஒயர் மேல விழுது. நர்ஸ் வேண்டாம்னுட்டாங்க."

"வளர்ற பிள்ளையாச்சே மாப்ளே, அதான் ரெண்டு விரல்..."

வளருமா என்று டாக்டரே இன்னும் உறுதி சொல்லவில்லை. அர்விந்த் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு பையிலிருந்து காயத்துக்குக் கட்டும் காஸ் துணியில் இரண்டு துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். நர்ஸ் அளந்து கொடுத்தது. தோளிலிருந்து இடுப்பு வரைக்குமான துண்டு பரமசிவத்தின் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. மற்றது பிள்ளையின் கையின் சுற்றளவு, வளையமாக முடிச்சிட்டிருந்தது. அதற்குள் அவருடைய கட்டைவிரல் நுழையவில்லை.

இத்தனூண்டு உடம்புக்குள் ஒரு நெஞ்சு, நெஞ்சுக்குள் ஒரு மூச்சு, அது பத்து நாளாக விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது! பரமசிவத்துக்கு மெய்சிலிர்த்தது. தன்னை அறியாமல் அந்தக் காஸ் துண்டைப் பார்த்துக் கைகூப்பினார்.

பத்திரிகை அட்டையில் மாதிரி வெட்டி, துணியை அளவுக்கு அளவாக வெட்டினார். ஒரு நூல்கூடக் கூட்டவில்லை. வாழ்நாளில் முதல்முறை. அப்படி வெட்டுவது அபசகுனம்போல் பட்டது.

மறுநாள் அபூர்வா வீடியோ அனுப்பினாள். "அண்ணா, ஏக்தம் பர்ஃபெக்ட்!" சட்டையின் நாடா முடிச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த முடிச்சை மட்டும் அவர் நாற்பது தடவை பார்த்திருப்பார்.

பிள்ளைக்காக வெட்டி வைத்த வாழ்த்து அட்டை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. "பொறந்தாச்சே, வாழ்த்து எழுதலியா?" என்று உமா கேட்டாள். "வீட்டுக்கு வரட்டும்" என்றார்.

நான்கு வாரம் போயிற்று. ஒருநாள் வங்கியில் இருக்கும்போது அர்விந்த் போன் செய்தான்.

"மச்சான், தப்பா நினைக்காதீங்க. சட்டை பத்தல. நாடா முடிச்சுப் போட வரல. அடுத்த வாரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

எந்தத் தையல்காரனும் அந்த வார்த்தைக்கு இப்படி மகிழ்ந்திருக்க மாட்டான். எதிரே நின்ற வாடிக்கையாளர் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு, பரமசிவம் உட்கார்ந்த இடத்திலேயே அழுதார்.

பத்தாமல் போன சட்டை துவைத்து மடித்து வந்து சேர்ந்தது. அதை வெற்று அட்டைக்குள், பிள்ளையாருக்குக் கீழே ஊசியால் தைத்து வைத்தார். பிறகு மீதி வேட்டியை விரித்தார். அவர் கத்தரி வைத்த இடத்தைப் பார்த்த உமா, "பெரிசா இருக்குமேங்க" என்றாள்.

"இருக்கட்டும்" என்றார் பரமசிவம். "வளர்ற பிள்ளை."