உறைப்பு காணாது

கல்முனைப் பிரதான வீதியில் புதிதாக ஒரு பொரித்த கோழிக் கடை வந்திருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் கடைக்காரரிடம் ஓசியில் வாங்கித் தின்றுவிட்டுச் சொல்கிறேன் என்பீர்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, சிவப்புக் கதிரைகள். போன வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் சுகந்தி டீச்சர் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார். காரைதீவிலிருந்து வந்து பல வருடமாக என்னோடு படிப்பிக்கிறவர். அவருக்கு வியாழக்கிழமைகளில் சமைக்கப் பிடிக்காது. மற்ற நாட்களிலும் அப்படித்தான்.

"சாதாவா, உறைப்பா, கடும் உறைப்பா?" என்று கேட்டார்கள். நான் கடும் உறைப்பு. இந்த விஷயத்தில் எனக்கு ஊரில் கொஞ்சம் பேர் இருக்கிறது. வயிற்றுப் புண்ணுக்குக் குளிசை போட்டுக்கொண்டே கொச்சிக்காய் கடிக்கிற ஆள் நான்.

ஆளுக்கொரு கடதாசிப் பெட்டியில் கோழி வந்தது. மூடியைத் திறந்ததும் உள்ளியும் வினாகிரியும் மணத்தன. தெரிந்த மணம்; மூடியைத் திரும்பவும் மூடப் பார்த்தேன். ஆனாலும் கடித்தேன். இரண்டு கடி கடித்திருப்பேன், கடைக்காரர் மேசைப் பக்கம் வந்து, "எப்பிடி டீச்சர், உறைப்பு சரியா, காணாதா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தவள், அழத் தொடங்கிவிட்டேன்.

"இதுக்குத்தான் சாதா எடுங்க எண்டு சொன்னன்" என்று சுகந்தி தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். உறைப்புத்தான் காரணம் என்று அவர் நினைத்தது எனக்கு வசதியாகப் போயிற்று. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அந்த வினாகிரி மணம் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் சவூதியிலிருந்து என் உம்மாவோடு வந்தது. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது உம்மா வீட்டு வேலைக்குப் போனார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு வீடு இல்லாமல் கல்யாணம் பேச முடியாது. வாப்பா கரைவலைக்குப் போகிறவர். அந்த வருமானத்தில் வீடு எழும்பாது. ஆகவே உம்மா போனார். ஆறு வயதுப் பிள்ளையின் கல்யாணத்துக்காக! நினைத்தால் சிரிப்பு வரப் பார்க்கும், வராது.

என்னை வளர்த்தது உம்மாவின் தங்கை, என் சாச்சி. உம்மா எனக்குக் கசெட்டில் இருந்தார். ஊர் திரும்புகிற யாரிடமாவது தன் குரலைப் பதிந்து கொடுத்துவிடுவார். நானும் பதிந்து அனுப்புவேன். பெரும்பாலும் சாச்சியைப் பற்றிய முறைப்பாடுகள், நடுவில் எங்கள் சேவல் கூவுவது.

எனக்குப் பதினொரு வயதில் உம்மா இரண்டு மாத லீவில் வந்தார். வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பகல் சாப்பாட்டுக்குக் கோழி பொரித்தார். அங்கே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்து பழகிய முறை: உள்ளியும் வினாகிரியும் போட்டு ஊறவைத்து, மாவில் புரட்டி, எண்ணெயில் போடுவது. அந்தக் காலத்தில் நாங்கள் சகனில்தான் சாப்பிடுவோம். ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் இருப்போம். அவரவர் முன்னால் உள்ள சோறு அவரவருக்கு. உம்மா நல்ல சதையாகப் பார்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். வாயில் வைத்தேன். உறைப்பே இல்லை. ஐந்து வருடம் உறைப்புத் தின்னாதவர்களுக்குச் சமைத்த கை அது. நான் மிச்சத்தை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"உறைப்பில்ல. எனக்கு சாச்சிட கோழி ஆணம்தான் வேணும்."

சாச்சி என் தொடையில் கிள்ளினார். உம்மாதான் சிரித்தார். "கிள்ளாத, புள்ள சரியாத்தானே சொல்லுது" என்றவர் என்னைப் பார்த்து, "மகள், உனக்கு உறைப்பு சரிவார அண்டைக்குத்தான் உம்மா திரும்பிப் போவன். சரியா?" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னார். நான் அதை விளையாட்டாக எடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கொச்சிக்காய்த்தூள் போட்டுப் பொரித்தார். நல்ல ருசி. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு ருசியான கோழியை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை. உம்மா சாப்பிடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப?" என்றார்.

"காணாது" என்றேன்.

அதற்கடுத்த வெள்ளி செத்தல் கொச்சிக்காயை உரலில் இடித்தே போட்டார். சாச்சிக்கு விக்கல் பிடித்தது. வாப்பா முற்றத்துக்குப் போய் இருமினார். உம்மாவால் ஒரு துண்டுகூட விழுங்க முடியவில்லை. எனக்குக் காது இரண்டும் எரிந்தன, மூக்கு ஒழுகியது. "இப்ப சரியா மகள்?" என்று கேட்டார். "இன்னம் காணாது" என்று சொல்லிவிட்டு, ஒரு கை சீனியை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் வாயில் கொட்டிக்கொண்டேன். "இவள் மனிசப் புள்ளையா?" என்றார் சாச்சி. ஊரில் எனக்கிருக்கிற பேர் அன்றைக்கு வாங்கினதுதான்.

இரண்டு மாதமும் இப்படியே போயிற்று. கடைசியில் ஒரு நாள் காலையில் உம்மா பெட்டி கட்டினார். நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"உறைப்பு இன்னம் சரிவரல்லயே உம்மா, எப்பிடிப் போவீங்க?"

அவர் குந்தியிருந்து என் முகத்தைப் பிடித்தார். "உம்மாட கைக்கு மறந்து போயித்து மகள். அடுத்த முறை வந்து சரியாச் செஞ்சி தருவன்." அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குப் பிடித்த மாதிரி ஒரு கோழி பொரிக்கத் தனக்கு வரவில்லை என்று உண்மையிலேயே நம்பினார். எனக்கு அது விளங்கியது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி என்று சொன்னால் திரும்பி வராமல் விட்டுவிடுவாரோ என்று பயம்.

போன பிறகு கசெட்டில் கேட்டார், உண்மையில் எந்த முறை கொஞ்சமாவது நல்லாயிருந்தது என்று. "நீங்க வந்து பொரிச்சாத்தான் சொல்லுவன்" என்று பதிந்து அனுப்பினேன். பெரிய கெட்டிக்காரி! கடைசியாக வந்த கசெட்டில் உம்மா சொன்னார்: "மகள், இஞ்ச ஒரு கடையில நம்மட ஊர்த்தூள் இரிக்கி. வெள்ளிக்கிழமைல ரெண்டு துண்டு எனக்கெண்டு பொரிச்சிப் பார்க்கிறன். இப்ப கொஞ்சம் கொஞ்சமாத் தின்ன ஏலும். இந்த முறை உனக்குச் சரிவரும்."

அதற்குப் பிறகு வந்தது சந்திக் கடைக்கு ஒரு டெலிபோன். நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் மௌத்தாகிவிட்டார். அங்கேயே அடக்கினார்கள். எங்கள் பள்ளிவாசலில், முன்னால் உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை தொழுதார்கள். அங்கே கபுறுகளில் பெயர் எழுதுவதில்லையாம். யாராவது என்னைக் கூட்டிப்போனாலும் எந்த மண்ணுக்குப் பக்கத்தில் குந்துவது?

வீடு எழும்பியது. அதில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது, அதில்தான் இருக்கிறேன். பெரிய குசினி, உம்மா அதில் ஒரு நாளும் அடுப்பு மூட்டவில்லை. கசெட் பூஞ்சணம் பிடித்து அறுந்துவிட்டது. சகன் அலுமாரிக்கு மேலே ஒரு துணிக்குள் இருக்கிறது. என் பிள்ளைகள் ஆளுக்கொரு சோற்றுக் கோப்பையோடு ஆளுக்கொரு மூலையில் தின்கிறார்கள். ஒருவருடைய பக்கம் ஒருவர் எதையும் தள்ளுவதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கடைக்காரர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். பாவம், பயந்துபோனார்.

"சரி" என்றேன். "உறைப்பு சரி. நல்லாயிருக்கு. நல்லாத்தான் இருந்திச்சி."

அவர் தலையாட்டினார். நான் மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தரமும் சொன்னேன். சுகந்தி என் கையைப் பிடித்து, "அவருக்கு விளங்கிட்டு டீச்சர்" என்றார்.