மலைப்பாதையும் ராகு காலமும்

மலை ஏறுவது பெரிய வேலை இல்லை. ஏற வருகிறவர்களைக் காலை ஏழரை மணிக்கு ஒரே இடத்தில் சேர்ப்பதுதான் பெரிய வேலை. வார இறுதியில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு காட்டுக்குள் போகும் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா?

வாரத்தில் ஐந்து நாள் பாயான் பாரு தொழிற்சாலையில், குளிரூட்டிய அறைக்குள் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிறேன். ஒரு நாள் மட்டும் சைமன் அண்ணன் நடத்தும் சின்ன நடைப்பயணக் குழுவில் வழிகாட்டி. அந்த ஒரு நாளில்தான் எனக்கு மூச்சே வருகிறது. எங்கள் தீவின் மலைமுகட்டில் ஓடும் நெடும்பாதையை மூன்றாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு நாள் என்று நடக்க வைக்கிறோம். நடுப்பகுதி என் தலையில் விழுந்தது.

என்ன கொண்டு வரணும்?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, வழுக்காத காலணி என்று வாட்ஸ்அப்பில் மூன்று முறை பட்டியல் போட்டேன். கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிவரும் கமலா அக்கா மூன்று முறையும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். என் தொழிற்சாலையில்தான் அவருக்கும் வேலை.

வந்த அன்று பார்த்தால் கையில் நாலடுக்குத் தூக்குச்சட்டி, நிறையப் புளிச்சாதம். தண்ணீர் மட்டும் பதினோரு பேருக்கு நாலே போத்தல். பாதி ஏற்றத்திலேயே எல்லாருக்கும் நாக்கு வறண்டுவிட்டது. திரும்பி இறங்க வேண்டியதாயிற்று. ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன்.

"தண்ணி மலையிலயே ஓடும்னு நெனச்சேன் தம்பி. சோறு ஓடுமா?"

ஒன்பது ஐந்து

அடுத்தது ஒரு சனிக்கிழமை. இந்த முறை ஆளுக்கு மூன்று லிட்டர் கொண்டுவந்தார்கள். ஆனால் பாலத்தில் ஜாம். ஏற்றம் தொடங்கும் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் கார்களை நிறுத்தும்போது மணி ஒன்பது ஐந்து. சரி, போனது போகட்டும், கிளம்பலாம் என்றேன். கமலா அக்கா ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலமாம். மற்ற பத்துப் பேரும் வரிசையாகப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் கெஞ்சிப் பார்த்தேன், முறைத்தும் பார்த்தேன்.

"இப்ப கெளம்பி யாருக்காச்சும் கால் சுளுக்கினா, நீயா தூக்கப் போற?"

பத்தரைக்குக் கிளம்பினோம். இரண்டு மணிக்கு மழை கொட்டியது. மறுபடியும் பாதியில் திரும்பினோம்.

சைமன் அண்ணன் சொன்னது

அண்ணன் கோபக்காரர் இல்லை. நுரை பொங்கும் தே தாரிக் தேநீரை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"மூனாவது வாட்டியும் பாதியில திரும்புனா, வேற ஆள பாத்துக்கிறேன் லா."

ஞாயிற்றுக்கிழமை

மூன்றாவது முறை ஞாயிறாக வைத்தேன். எல்லாரும் ஏழே காலுக்கே வந்தார்கள். கொடிமலை முகடு தாண்டி, ஒரு மணிக்கு ஓய்வுக் குடிலை அடைந்தோம். சாப்பிட்டார்கள். படம் எடுத்தார்கள். இரண்டு பேர் குறட்டையே விட்டார்கள். மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டது, மிச்சம் மூன்று மணி நேர நடை. இறக்கத்தில் ஓர் ஓடை. மழை வந்தால் அதைத் தாண்ட முடியாது, வந்த வழியேதான் திரும்பணும். கைப்பேசியில் மேகப்படத்தைக் காட்டினேன். யாரும் அசையவில்லை. என் வழிகாட்டி வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது வாயில் வந்ததைக் கேட்டேன். "அக்கா, இன்னிக்கி ராகு காலம் எத்தன மணிக்கு?"

கமலா அக்கா விரல்விட்டு எண்ணினார். முகம் மாறியது. தூக்குச்சட்டியை மூடி எழுந்தார்.

"நாலரைக்கு! எந்திரிங்க எல்லாரும். அதுக்குள்ள ஊட்டுக்குக் கெளம்பணும்!"

ஓட்டமும் நடையுமாக, நாலே காலுக்கெல்லாம் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் இறங்கியிருந்தோம். வேன் கதவைச் சாத்தும்போது மழை பிடித்தது. வண்டியோடு காத்திருந்த சைமன் அண்ணன் காலையில் தேவாலயப் பூசைக்குப் போட்ட சட்டையிலேயே நின்றார். பதினோரு பேரையும் எண்ணிவிட்டு, எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டார். சொன்னேன். அண்ணன் வண்டிச் சாவியை எடுத்தார்.

"எனக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. அடுத்த வாட்டியும் ஞாயித்துக்கெழமையே வை தம்பி, நீயே கூட்டிட்டுப் போ."

வரைபடம், திசைகாட்டி, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றோடு இப்போது நானும் ஒரு பஞ்சாங்கத்தைச் சுமக்கிறேன். பையில் மிக லேசானதும், ஆட்களை நகர்த்துவதும் அது ஒன்றுதான்.